விலா எலும்பு தணல்ல விழுந்த கதை

போன ஜூலை 4 லீவுக்கு மச்சான் குடும்பத்தோட அமெரிக்காவுல நாங்க இருக்கற டென்வர் வந்திருந்தான், மொத்தம் எட்டு பேரு, நான் வேற வாய வச்சுட்டு சும்மா இல்லாம பேரல்ல ரிப்ஸ் போடறேன்னு பெருசா சொல்லிட்டேன். ரிப்ஸ்னா பன்னி விலா எலும்புக் கறி, பேரல்னா அடியில கரி எரிய, மேல கம்பியில கொக்கி மாட்டி கறிய தொங்கவிட்டு மூடி வேக வைக்கற இரும்பு டிரம். ரெண்டரை மணி வாக்குல உள்ளருந்து தொப்புனு ஒரு சத்தம். மூடிய தூக்கிப் பாத்தா மூணு ரேக்ல (ரேக்னா சேந்தாப்ல இருக்கற ஒரு வரிசை விலா எலும்பு) ஒண்ணு தணல் மேல குப்புற கெடக்கு, கொக்கி மட்டும் கம்பியில தனியா ஆடிட்டு இருக்கு. மச்சான் எட்டிப் பாத்துட்டு "என்ன மாமா, தகனம் பண்றீங்களா"ன்னான். இடுக்கிய போட்டு எடுக்கறதுக்குள்ள புருவம் கொஞ்சம் கருகிருச்சு, கறிய பத்தி கேக்காதீங்க.

தப்பு என் மேலதான். முதல் எலும்புக்கும் ரெண்டாவது எலும்புக்கும் நடுவுல கொக்கிய மாட்டிட்டேன். பச்சையா இருக்கும்போது ஆட்டிப் பாத்தாலும் கெட்டியாதான் தெரியும், ஆனா மூணு மணி நேரம் வெந்தப்புறம் அந்த இடத்துல சதை வெண்ணெய் மாதிரி ஆயிடும்ல, முழு ரேக்கோட எடையும் அந்த ஒரு துண்டு சதையில தொங்குது, கிழிஞ்சுரும். இப்பல்லாம் ரெண்டாவது எலும்புக்குக் கீழ, நடு சதையில குத்தறேன், அப்ப கொக்கிக்கு மேல ரெண்டு எலும்பு நிக்கும். பெரிய ரேக்குன்னா ரெண்டு கொக்கி. மாட்றதுக்கு முன்னாடி எலும்புப் பக்கம் இருக்கற வெள்ளை சவ்வ உரிச்சிரணும், ஸ்பூன் காம்பு விட்டு ஒரு ஓரத்த நெம்பி, பேப்பர் டவலால புடிச்சு இழுத்தா ஒரே இழுப்புல வரும், வெறும் கையில புடிச்சா வழுக்கிட்டே இருக்கும். நான் வாங்கறது செயின்ட் லூயிஸ் கட், குருத்தெலும்பு பக்கத்த வெட்டி எடுத்துட்டு சதுரமா கொடுப்பாங்க, கொழுப்பும் நல்லா இருக்கும்.

கொழுப்புதாங்க இதுல எல்லாமே. கம்பித் தட்டு மேல படுக்க வச்சா ஒரு பக்கம்தான் சூடு நேரா படும், தொங்கவிட்டா சுத்தி நாலு பக்கமும் சூடு, மேல உருகற கொழுப்பு கறி மேலயே வழிஞ்சு வழிஞ்சு கீழ வந்து தணல்ல சொட்டும், சொய்ங்குனு ஒரு புகை எழும்பும், அந்த புகைதான் மறுபடி கறியில ஏறுது. அதனாலதான் நான் மரத்துண்டே போடறதில்ல, போட்டாலும் ஒரே ஒரு துண்டு ஆப்பிள் மரம். ரேக்கோட அடி எலும்பு தணலுக்கு ரொம்ப கிட்ட வந்தா கருகும், அதுக்கு நீளமான ரேக்க ரெண்டா வெட்டி தொங்கவிட்டா முடிஞ்சுது. மசாலா ரொம்ப யோசிக்க வேண்டாம், உப்பு, மிளகு, பாப்ரிகா, கொஞ்சம் பிரவுன் சுகர், நான் வறுத்து பொடிச்ச சீரகம் சேப்பேன், பொண்டாட்டி பூண்டுப் பொடி சேக்க சொல்வா, சேத்துக்கறது.

கரிய பத்தி சொல்லணும்னா, இந்த தலகாணி மாதிரி அச்சுல வர்ற பிரிக்கெட்டதான் போடறேன், ஒரே மாதிரி எரியும். கார் ஹென்றி ஃபோர்டுதான் மர வேலையில மிச்சமான துண்டும் தூளும் வீணாப் போகக்கூடாதுன்னு 1920கள்ல இத செய்ய வச்சாருன்னு படிச்சப்ப நம்பவே முடியல. கூடை நெறைய கரி கொட்டி, அதுல ஒரு 40 துண்ட மட்டும் தனியா சிம்னியில (கரி பத்த வைக்கற இரும்புக் குழாய்) பத்த வச்சு, மேல சாம்பல் பூத்ததும் மீதி கரி மேல கொட்டிரணும். டென்வர் கடல் மட்டத்துலருந்து 1,600 மீட்டர் உயரம், காத்துல ஆக்சிஜன் கம்மி, அதனால கீழ இருக்கற காத்து ஓட்டைய நான் பாதி வரைக்கும் தொறந்து வைக்கறேன், ஹூஸ்டன்ல இருக்கற மச்சான் அவன் பேரல்ல கால்வாசி கூட தொறக்கறதில்ல. ஆரம்பத்துல வெள்ளையா கெட்டியா வர்ற புகையில கறிய மாட்டாதீங்க, கசக்கும், அது மெலிஞ்சு லேசா நீலமா ஆகட்டும்.

அப்புறம் மூடி. இதுலதான் நான் ரொம்ப நாள் கெட்டுப் போனேன். ஓவனத் தொறந்தா சூடு எறங்கும், இதத் தொறந்தா கொஞ்ச நேரத்துல ஏறும், ஏன்னா தணலுக்கு காத்து கெடைச்சிருது, சொட்டுன கொழுப்பும் பத்திக்கும். வாசனை வருதேன்னு அரை மணிக்கொரு தரம் எட்டிப் பாத்து 135லருந்து 150 டிகிரி செல்சியஸ்ல நிக்க வேண்டியத 190க்கு கொண்டு போயிருக்கேன். இப்ப ரெண்டரை மணி நேரம் கழிச்சுதான் முதல் தடவ தொறக்கறது. முழுத் துண்டு பன்னிக்கறி உள்ள 63 டிகிரி வந்ததும் எடுத்து மூணு நிமிஷம் விட்டு சாப்பிடலாம்னுதான் இங்க அரசாங்கம் சொல்லுது, ஆனா ரிப்ஸ அப்ப கடிச்சா செருப்புதான், உள்ள இருக்கற கொலாஜன்ங்கற கெட்டிப் புரதம் நல்லா கரைய 90 வாக்குல போகணும். எலும்புகளுக்கு நடுவுல தெர்மாமீட்டர் குத்தறது எனக்கு ஒத்துவரல, இடுக்கியில நடுவுல தூக்கிப் பாப்பேன், ரேக் ரெண்டு பக்கமும் வளைஞ்சு மேல தோல் விரிசல் விட்டா ஆச்சு. எலும்பு முனையில சதை ஒரு விரல் கட்டைக்கு சுருங்கி மேல ஏறியிருக்கும், அதுவும் ஒரு கணக்கு. சாஸ் கடைசி 20 நிமிஷம், அதுக்கு முன்னாடி தடவினா சக்கரை கருகிரும்.

அன்னைக்கு மிச்சம் ரெண்டு ரேக்தான், எட்டு பேரு. கொழந்தைங்களுக்கு குடுத்துட்டு நாங்க பெரியவங்க ஆளுக்கு ரெண்டு எலும்பு, கூட தயிர் சாதம். மச்சான் ஊருக்குப் போயி மறுவாரம் போன் பண்ணான், "மாமா, நானும் போட்டேன், எனக்கு ரெண்டு விழுந்துருச்சு."