கடக் சார்

பழைய மாணவர் சங்க மலருக்கு எழுது எழுது என்று சங்கச் செயலாளர் வாட்ஸ்அப்பில் விரட்டிக்கொண்டே இருக்கிறார். மழை லீவையும் வடாபாவையும் எப்படியும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள், அதனால் நான் நம்ம இங்கிலீஷ் சாரை எடுத்துக்கொண்டேன். பம்பாய் மாட்டுங்காவில் பள்ளியில் நம்மோடு படித்தவர்களுக்குப் பெயரே வேண்டாம், 'கடக் சார்' என்றால் போதும்.

பம்பாயில் ஸ்ட்ராங் டீக்குக் கடக் சாய் என்று பெயர், மராத்தியில் கண்டிப்பான வாத்தியாரும் கடக்தான். இந்தப் பட்டம் அவர் காதுக்குப் போய்விட்டது. இன்றைக்கு அடிதான் என்று நாங்கள் உட்கார்ந்திருக்க, மனுஷர் போர்டில் 'ஸ்ட்ராங்' என்று எழுதி, இதற்கும் அதே கதைதான்டா என்று ஆரம்பித்தார். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வலுவோடு கடுமை என்ற பொருளும் உண்டாம். அதன் ஜெர்மன் உறவான 'ஸ்ட்ரெங்' இன்றைக்கும் கண்டிப்பைத்தான் குறிக்கிறது (இங்கே ஸ்டுட்கார்ட்டில் என் மகள் தன் கணக்கு டீச்சரைப் பற்றிப் புலம்பும்போது தினமும் கேட்கிறேன்). கயிற்றைக் குறிக்கும் 'ஸ்ட்ரிங்' கூட அதே குடும்பம். முறுக்கினால்தானே கயிறு என்று சொல்லிக்கொண்டே முதல் பெஞ்சுக்காரன் காதைப் பிடித்து முறுக்கினார் பாருங்கள், விளக்கம் அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது.

அப்புறம் வினைச்சொல். தேவதைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர் யாக்கோப், 1819-இல் வெளியிட்ட ஜெர்மன் இலக்கணத்தில் வினைகளை வலியவை, மெலியவை என்று பிரித்தார். சிங், சாங், சங் என்று உள்ளே இருக்கும் உயிரொலியை மாற்றியே காலம் காட்டுவது வலியது. வாக், வாக்டு என்று வெளியிலிருந்து வால் ஒட்டிக்கொள்வது மெலியது. 'ஹெல்ப்' ஒரு காலத்தில் வலிய வினையாக இருந்து, 'ஹோல்ப்', 'ஹோல்பன்' எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு மெலிந்துபோனதாம். உதவி செய்யப் போனால் அப்படித்தான் என்றார், அவருக்கு ஸ்டாஃப் ரூமில் என்ன சண்டையோ.

இதை வைத்துக்கொண்டு அடுத்த பீரியடில் கெமிஸ்ட்ரி மிஸ்ஸிடம் போய், தண்ணீர் நிறைய ஊற்றினால் ஸ்ட்ராங் ஆசிட் வீக் ஆகிவிடுமா என்று நம்ம பசங்க கேட்டது தனிக்கதை. ஆகாது. தண்ணீரில் மூலக்கூறுகள் ஏறக்குறைய முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிட்டால் அது ஸ்ட்ராங், ஹைட்ரோகுளோரிக் எவ்வளவு நீர்த்திருந்தாலும் ஸ்ட்ராங்தான். வினிகரில் இருக்கும் அசெட்டிக்கைத் துளி நீரில்லாமல் எடுத்துவந்தால் கையைப் பொசுக்கும், ஆனாலும் பெயர் வீக். கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோஃப்ளோரிக்கும் அந்தக் கட்சிதான். இங்கிலீஷ்காரனுக்கே இது குழப்பம், நமக்கென்ன.

சரி, ஒரு வேண்டுகோள். சார் சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுத்த வலிய வினைகள் பட்டியல் யாரிடமாவது இருந்தால் போட்டோ எடுத்துச் சங்க குரூப்பில் போடுங்கள். என்னுடையது 2005 ஜூலை 26 வெள்ளத்தில் தாராவி வீட்டோடு ஊறிப்போனது.