சைதாப்பேட்டையிலிருந்து ஜி.எச்.சுக்கு: அப்பாவோடு போய்வர எது மலிவு?

அப்பாவுக்குச் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் (ஜி.எச்.) வைத்தியம் நடக்கிறது. மாதம் ஒரு முறை, சில மாதம் இரண்டு முறை சைதாப்பேட்டையிலிருந்து நானும் அவரும் போய்வருகிறோம். எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் இதைத் தவிர பஸ், ரயில் ஏறும் தேவையே அதிகம் வருவதில்லை. முதலில் ஆட்டோவில்தான் போய்க்கொண்டிருந்தோம். வைத்தியமே இலவசமாகக் கிடைக்கும்போது போக்குவரத்துக்கு இவ்வளவு கொடுக்கிறோமே என்று அப்பா வருத்தப்பட ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு வழியையும் விசாரித்துக் கணக்குப் போட்டேன். எங்களைப் போல எப்போதாவது பயணம் செய்கிற குடும்பங்களுக்கு இது பயன்படும்.

பலரும் முதலில் சொன்னது மாநகரப் பேருந்தின் 1000 ரூபாய் மாத பாஸ். தினம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. ஒரு டிக்கெட் 20 ரூபாய் என்று வைத்தாலும், மாதத்தில் 50 தடவை ஏறினால்தான் போட்ட காசு திரும்பும். எங்களுக்கு அது ஒத்துவராது.

அடுத்தது சிங்காரச் சென்னை கார்டு. மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் செல்லும். ஆனால் பணம் கார்டின் சிப்புக்குள் உட்கார்ந்திருக்கும்; கார்டு தொலைந்தால் அந்தப் பணமும் போன மாதிரிதான். மெட்ரோவில் கார்டுக்குக் கிடைக்கும் அதே 20 விழுக்காடு தள்ளுபடி, போனில் எடுக்கும் கியூஆர் டிக்கெட்டுக்கும் கிடைக்கிறது. எப்போதோ போகிற பயணத்துக்காக முன்கூட்டியே பணத்தை ஏன் முடக்க வேண்டும்? ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் என்றால் கார்டு வாங்குவது சரி.

பாஸ், கார்டு இரண்டையும் ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு பயணத்தின் விலையையும் பார்த்தேன். சைதாப்பேட்டையிலிருந்து மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும் பார்க் ஸ்டேஷனுக்கு மின்சார ரயிலில் ஒருவருக்கு 5 ரூபாய். ரிட்டர்ன் சேர்த்தே எடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் 20 ரூபாயோடு முடிந்தது. திரும்பும்போது கவுன்டரில் நிற்கவும் வேண்டாம். மெட்ரோவில் சென்ட்ரலுக்கு 30 ரூபாய், தள்ளுபடி போக 24. இரண்டு பேர் போய்வர 96 ரூபாய் ஆகிறது.

பஸ்ஸில்தான் நான் எதிர்பார்க்காத கணக்கு வந்தது. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. முன்புறம் பிங்க் அடித்த பஸ் வந்தால் எனக்குச் செலவில்லை. (காசு இல்லாவிட்டாலும் கண்டக்டரிடம் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.) அப்பாவுக்கு? சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம் மாதம் 10 இலவச டோக்கன் தருகிறது. 2016-இல் தொடங்கிய திட்டம் இது. எங்கள் தெருவிலேயே தகுதியிருந்தும் வாங்காத பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

டோக்கன் வாங்குவது அவ்வளவு கடினமில்லை. ஆறு மாதத்துக்கானதை ஒரே தடவையில் தருகிறார்கள். ஜூன், டிசம்பர் கடைசியில் அடுத்த அரையாண்டுக்கான விநியோகம் ஆரம்பிக்கும், அறிவிப்பு நாளிதழில் வரும். பணிமனைகளிலும் பேருந்து நிலையங்களிலும் இருக்கும் மையங்களில் கொடுப்பார்கள். முதல் தடவை என்றால் ரேஷன் கார்டு, வயதுக்கான சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ வேண்டும். நகல்களை வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விட்டால் ஜெராக்ஸ் கடை தேடி அலைய வேண்டாம். டோக்கனோடு ஓர் அடையாள அட்டையும் தருவார்கள். ரேஷன் கார்டு முகவரி சென்னையாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மகன் வீட்டுக்கு, மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருப்பவர்களுக்கு அங்கேதான் சிக்கல் வரும். பஸ்ஸில் ஒரு தடவை ஏற ஒரு டோக்கன், ஏசி பஸ்ஸில் செல்லாது. எங்களுக்கு மாதம் நான்கு டோக்கனுக்கு மேல் தேவைப்படாததால், மீதியில் அப்பா தன் நண்பர்களைப் பார்க்கப் போய்வருகிறார். அதில் அவருக்கு இருக்கும் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது.

செலவே இல்லையே, எப்போதும் பஸ்தானா என்றால், இல்லை. காலையில் புறநோயாளிப் பிரிவில் சீட்டு போட நேரத்தோடு போயாக வேண்டும். அண்ணா சாலை நெரிசலில் பஸ் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அதனால் போகும்போது மின்சார ரயில், இரண்டு பேருக்கு 10 ரூபாய். திரும்பும்போது அவசரமில்லை, பிங்க் பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். ரத்தம் எடுத்து, வெறும் வயிற்றில் உட்கார்ந்திருந்து அப்பா களைத்துப்போன நாளில் மட்டும் மெட்ரோ: லிஃப்ட் இருக்கிறது, ஏசி இருக்கிறது, அவர் படி ஏற வேண்டியதில்லை. அந்த 48 ரூபாயை நான் யோசிக்காமல் கொடுக்கிறேன்.

2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் கியூஆர் டிக்கெட் எடுக்க முடிகிறது. டோக்கன் என்பது கையில் கொடுக்கும் சீட்டு என்பதால், அதையும் அடையாள அட்டையையும் அப்பாவின் மருத்துவக் கோப்பிலேயே வைத்துவிட்டேன்.