அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்: 48 வயதில் வேலை போய், வேலை தேடிய அனுபவம்

வேலை கிடைத்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இப்போது வேலை இல்லாமல் இருப்பவர்கள் கடைசி வரை பயந்துகொண்டே படிக்க வேண்டாம். என்னை எழுத உட்கார வைத்தது என்னவோ பழைய ஆபீசில் என் முன்னால் நீட்டிய ஒரு தாள்தான். அந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை.

மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம் வேலை என்றால் ஒன்று செம்பனை (எண்ணெய்ப்பனை), இல்லாவிட்டால் தென்னை. இரண்டும் இல்லையென்றால் கிள்ளானுக்கோ ஷா ஆலாமுக்கோ மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் 22 வருடம் ஒரு செம்பனை மில்லில் லோரி எடை போடும் இடத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. பழத்தோடு உள்ளே வரும்போது ஓர் எடை, கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை, கழித்து எடைச் சிட்டு (ரசீது) அடித்து டிரைவர் கையில் கொடுப்பேன். 2025 நடுவில் நிர்வாகம் மாறியது. கேமராவும் கம்ப்யூட்டரும் போதும், எடைக்கு இத்தனை ஆள் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குக் கூப்பிட்டார்கள். அந்த நேரத்தை யோசித்துத்தான் வைத்திருப்பார்கள். அதற்கு மேல் எந்த சர்க்கார் ஆபீசுக்கும் போன் போட முடியாது, சனி ஞாயிறு யாரையும் பார்க்க முடியாது. மேசையில் ஒரு செக், ஒரு மாதச் சம்பளத்துக்கு. பக்கத்தில் மலாயில் டைப் செய்த ஒரு கடிதம். “சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்” என்று இருந்தது. என் பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், எல்லாம் அடித்தாயிற்று. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“சைன் பண்ணிட்டா செக்கை இப்பவே எடுத்துக்கலாம்ண்ணே. சும்மா ஃபார்மாலிட்டிதான்” என்றது எச்ஆரில் இருக்கும் பிள்ளை. நம்ம வீட்டுப் பிள்ளைதான், அதன் கல்யாணத்துக்கு மொய் எழுதியிருக்கிறேன். எனக்கே தெரியாமல் எனக்கு ஒரு சொந்தக் காரணம் வந்திருக்கிறதே என்று கேட்டேன். பதில் இல்லை. வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்றால், தாள் ஆபீசை விட்டு வெளியே போகக்கூடாதாம். சரி என்று போனில் படம் எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். என்னோடு கூப்பிடப்பட்டவர்களில் சிலர் அங்கேயே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். குறை சொல்ல மாட்டேன். கார் கடன் மாதக்கணக்கில் பாக்கி இருப்பவனுக்கு முன்னால் செக்கை வைத்தால் வேறென்ன செய்வான்?

அன்று ராத்திரி எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் பழைய தொழிற்சங்கத்து அண்ணன் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஒரு முறைதான் படித்தார். “போட்டியா?” என்றார். இல்லை என்றதும்தான் உட்காரவே சொன்னார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், யாருக்காவது உதவும்.

கம்பெனி ஆள்குறைப்பு செய்தால் 30 நாளுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்குப் படிவம் அனுப்ப வேண்டும். 5 வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு 8 வாரம் நோட்டீஸ், இல்லையென்றால் அதற்கான சம்பளம். அது போக, 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி வருடத்துக்கு 20 நாள் சம்பளம் நஷ்ட ஈடு. எனக்கு 22 வருடம், ஆக 440 நாள் சம்பளம். அதை வேலை முடிந்த 7 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். நாமாக விலகியதாகக் கடிதம் இருந்தால் இதில் ஒன்றுகூடக் கொடுக்க வேண்டியதில்லை. அதோடு பெர்கேசோவின் (சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இஐஎஸ் பணமும் போய்விடும். சம்பள ஸ்லிப்பில் மாதாமாதம் நாலைந்து வெள்ளி (ரிங்கிட்) பிடிக்கிறார்களே, அந்த வேலைக் காப்புறுதி. 2018இலிருந்து பிடிக்கிறார்கள், எதற்கென்று நம்மில் பாதிப் பேர் கேட்டதே இல்லை. தானாக விலகியவருக்கும், தவறு செய்து நீக்கப்பட்டவருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்தவருக்கும் அது கிடையாது. விஎஸ்எஸ் (கம்பெனியின் சுயவிருப்பப் பணிவிலகல் திட்டம்) எடுத்தவருக்குக்கூட உண்டு. “சொந்தக் காரணம்” என்று எழுதிக் கொடுத்தவருக்கு இல்லை.

திங்கட்கிழமை நானே ஒரு கடிதம் எழுதினேன்: நான் விலகவில்லை, நீங்கள் நிறுத்துவதாக இருந்தால் காரணமும் தேதியும் போட்டுக் கடிதம் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதாகச் சாப் (முத்திரை) அடித்துத் தரச் சொன்னேன். அடிக்க மாட்டோம் என்றார்கள். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு, இமெயிலிலும் தட்டிவிட்டேன். பின்னால் இந்தத் தபால் ரசீதுதான் எனக்குத் துணை நின்றது, எறிந்துவிடாதீர்கள்.

ரொம்பத் தாமதித்து ஒரு கடிதம் வந்தது. “உங்கள் சேவை இனித் தேவையில்லை” என்று ஒரே வரி. கடைசி வேலை நாள் இல்லை, காரணமும் இல்லை. பெர்கேசோ கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டு, தேதியும் காரணமும் இருக்கும்படி வாங்கி வாருங்கள் என்றார். விண்ணப்பத்துக்கு வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான் கெடு என்பதையும் நினைவுபடுத்தினார்.

மறுபடி மில்லுக்குப் போனேன். கேட்டில் இருந்த ஜாகா (காவலாளி) என்னோடு வருடக்கணக்கில் டீ குடித்தவர், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே விட உத்தரவு இல்லை என்றார். வெயிலில் நின்றேன். உள்ளே போன் போட்டுக் கேட்டுவிட்டு “அடுத்த வாரம் வரச் சொல்றாங்க” என்றார். அடுத்த வாரமும் அதே பாட்டு. இதற்கு மேல் கேட்டில் நின்று பயனில்லை என்று தெலுக் இந்தான் பக்கம் வண்டியை விட்டேன். தொழிலாளர் இலாகாவில் புகார் பதிவானதும் சரியான கடிதம் மறுநாளே இமெயிலில் வந்து விழுந்தது, “ஆள்குறைப்பு” என்று தெளிவாகப் போட்டு. நஷ்ட ஈட்டைத் தவணை தவணையாகத்தான் கொடுத்தார்கள், ஆனாலும் முழுசாக வந்தது. அந்த ஒரு மாதச் செக்கோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கேயே கையெழுத்துப் போட்டவர்களுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் தொழில் உறவுச் சட்டம் 20ஆம் பிரிவில் முறையிடலாம், அதற்கும் 60 நாள்தான். அதில் ஒருவர் போராடிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அந்த அறையில் சாட்சிக்கு யாரும் இல்லை என்பதுதான் அவருக்குத் தலைவலி.

இஐஎஸ் விண்ணப்பம் மகள் கம்ப்யூட்டரில் அரை மணி நேரத்தில் முடிந்தது. பழைய சேமிப்புக் கணக்கு பல மாதம் தொடாததால் முடங்கிக் கிடந்தது, அதை எழுப்ப மட்டும் ஒரு நாள் வீணாகப் போனது. விண்ணப்பிக்கும் முன்பே வங்கிக் கணக்கில் பத்து வெள்ளியாவது போட்டு எடுத்துப் பாருங்கள். வேலை தேடும் அலவன்ஸ் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு. ஆனந்தப்பட்டு முடிப்பதற்குள் இரண்டாம் மாதம் 50, பிறகு 40, 40, 30, 30. தொடர்ந்து சந்தா கட்டியிருந்தால்தான் ஆறு மாதம் வரை. முதல் மாதப் பணத்தை நம்பி யாரும் செலவுக் கணக்குப் போட வேண்டாம்.

அலவன்ஸ் தொடர வேண்டுமென்றால் வேலை தேடியதற்கான விவரத்தை மாதாமாதம் காட்ட வேண்டும். மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் பதிவு செய்தால் அதுவே பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் நான் மனு போட்ட இடங்களில் கேட்டது எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ். 1994இல் எழுதிய பரீட்சை. தகரப் பெட்டியைத் திறந்தால் கரையான் முதலில் படித்து முடித்திருந்தது, ஓரத்தில் பள்ளிக்கூடத்தின் பெயர் மட்டும் மிச்சம். தேர்வு வாரியத்தில் கட்டணம் கட்டி மனுச் செய்தால் உறுதிப்படுத்திய தேர்வு முடிவு அறிக்கை கிடைக்கும், பெரும்பாலான இடங்களில் அது செல்லும். வேலையில் இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இன்டர்வியூக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தொழிற்சாலையில் என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பையன், “அங்கிளுக்கு எக்செல் தெரியுமா?” என்றான். 22 வருடம் அதில்தான் குப்பை கொட்டினேன் என்றேன். சிரித்தான், அப்புறம் அழைப்பதாகச் சொன்னான், இன்னும் அழைக்கவில்லை. பணி ஓய்வு வயது 60. 48 வயசுக்காரனிடம் இன்னும் 12 வருட உழைப்பு இருக்கிறது என்று அவனுக்கு யார் எடுத்துச் சொல்வது? செக்யூரிட்டி வேலை உடனே கிடைத்தது, 12 மணி நேர ஷிப்டு. முட்டி வலியை நினைத்து வேண்டாம் என்றேன்.

இடையில் டெலிகிராமில் ஒரு “பார்ட் டைம்” வந்தது. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு. முதலில் சில்லறையாக உண்மையிலேயே அனுப்புவார்கள், பிறகுதான் நம்மைப் பணம் கட்டச் சொல்வார்கள். நஷ்ட ஈடு கையில் வந்த நேரம் பார்த்து வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். வேலை கொடுப்பவன் நம்மிடம் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண் 997க்கு அழையுங்கள்.

கடைசியில் வேலை வந்தது லோரி டிரைவர்கள் மூலம். என் சிட்டை வாங்கி வாங்கிப் பழகியவர்கள், ஒரு தவ்கே (முதலாளி) செம்பனைப் பழம் வாங்கும் ராம்ப்பில் (கொள்முதல் நிலையத்தில்) எடைக்கு ஆள் தேடுகிறார் என்று சொல்லிவிட்டார்கள். போனேன். சான்றிதழ், பயோடேட்டா எதையும் அவர் கையில் வாங்கவில்லை. சிமெண்டுத் தரையில் குவிந்து கிடந்த குலைகளைக் காட்டி, எது பழுத்தது என்று மலாயில் கேட்டார். ஒன்றை உருட்டிப் பார்த்தேன். ஆரஞ்சு கலந்த சிவப்பு, பழம் உதிர்ந்த குழிகள் எண்ணினால் பத்துக்கு மேல். இது பழுத்தது. பக்கத்தில் இருந்ததில் ஏழெட்டுக் குழிதான், அரைப்பழம். அடியில் ஒன்று கன்னங்கரேலென்று, ஒரு காய்கூட உதிரவில்லை, அதைத் தள்ளி வைத்தேன். இன்னொன்றின் காம்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தது. 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் எடையில் கழிக்க வேண்டும் என்றேன். தவ்கே, பழத்தைக் கொண்டுவந்தவனைத் திரும்பி முறைத்த முறைப்பிலேயே வேலை எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது.

பேரம் அதற்கப்புறம்தான். முதலில் 1,500 வெள்ளி, கையில் ரொக்கம், இபிஎஃப் (சேமநிதி) இல்லை என்றார். நாங்கள் நாலு பேர்தான், சின்னக் கடை என்று காரணம் வேறு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700, 2025 ஆகஸ்டு முதல் ஐந்து பேருக்குக் குறைவாக இருக்கும் இடத்துக்கும் அதுதான் என்று மெதுவாகச் சொன்னேன். இபிஎஃப், சொக்சோ இல்லாமல் வரமுடியாது என்பதையும் சொன்னேன். எம்பிஓபி (செம்பனை எண்ணெய் வாரியம்) லைசென்ஸ் வைத்து வியாபாரம் செய்கிறவர், வம்பை விரும்பவில்லை போலிருக்கிறது. 2,000த்தில் முடிந்தது. மில் சம்பளத்தைவிடக் குறைவுதான், ஆனால் வீட்டிலிருந்து மோட்டாரில் போய்வரும் தூரம்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அலவன்ஸ் மாதங்கள் மிச்சம் இருக்கும்போதே வேலை கிடைத்துவிட்டால், மீதித் தொகையில் 25 விழுக்காட்டைப் பெர்கேசோ மொத்தமாகக் கொடுக்கும். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அதற்குப் புது முதலாளியின் நியமனக் கடிதம் வேண்டும். தவ்கே சிட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். அதை நானே டைப் செய்து, வேலை ஆரம்பித்த தேதி, சம்பளம் எல்லாம் போட்டு நீட்டினேன். எண்ணெய்க் கையோடு சாப்பை எடுத்து அடித்துக் கொடுத்தார். போன வாரம் பதிவேற்றி அனுப்பியிருக்கிறேன், பணம் இன்னும் ஏறவில்லை.