பரவையார் வாசலுக்கு இரண்டாம் தடவை வந்தவர்

திருவாரூர்த் தியாகேசர் சன்னதி முன்னால் நந்தி நின்றுகொண்டிருக்கும். மற்ற சிவன் கோயில்களில் கால் மடக்கிப் படுத்திருக்கும் நந்தியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதாக இருக்கும். இதற்கு ஊரில் ஒரு காரணம் சொல்வார்கள். தேவாரம் பாடிய சுந்தரருக்கும் அவர் மனைவி பரவை நாச்சியாருக்கும் பிணக்கு வந்தபோது, பெருமான் நள்ளிரவில் கால் நோகத் தெருவில் நடந்து தூது போனார். இன்னொரு தடவை அவரை நடக்க விடக் கூடாது, அவர் கிளம்பும்போது நாம் தயாராக இருக்க வேண்டும் என்று நந்தி எழுந்து நின்றுவிட்டதாம்.

இந்தத் தூதுக் கதைக்காகத்தான் நானும் அவரும் திருவாரூர் போனோம். எனக்கு வயது 47. கணவர் தவறிப் பல வருஷம் ஆகிறது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவரும் மனைவியை இழந்தவர். ஒரே அலுவலகத்தில் நெடுநாள் வேலை பார்த்ததில் எனக்கு அவர் ‘சார்’, அவருக்கு நான் ‘மேடம்’. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டபோது முடியாது என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு நாள் ராத்திரி தூது வந்தவள் என் மகள். “அம்மா, உன்கிட்ட இன்னொரு தடவை கேக்கலாமான்னு சார் என்கிட்ட கேட்டார். நான் தாராளமா கேளுங்கன்னு சொல்லிட்டேன். இந்தத் தடவை யோசிச்சு பதில் சொல்லு” என்றாள்.

யோசித்தேன். சரி என்றேன். சொன்ன கையோடு நாங்கள் மூன்று பேரும் முதலில் போனது திருவொற்றியூர். இப்போது மெட்ரோவில் தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயில் பக்கம்தான். ஆதிபுரீசுவரரையும் வடிவுடையம்மனையும் தரிசித்துவிட்டு, பிராகாரத்தில் இருக்கும் மகிழ மரத்தடிக்கு வந்தோம். சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்துகொடுத்த இடம் அது.

அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வரும். ஞாயிறு என்ற ஊரில் பிறந்த சங்கிலியார், ஒற்றியூரில் கன்னிமாடத்தில் இருந்து சுவாமிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். திரை விலகிய ஒரு கணத்தில் சுந்தரர் அவரைப் பார்த்துவிட்டார். பெண் கேட்கத் தூது போனவர் பெருமானே. உன்னைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும் என்றாயிற்று. சுந்தரருக்கோ திருவாரூரை விட்டுவிட மனசில்லை. ‘நான் சன்னதியில் சத்தியம் செய்ய வரும்போது நீர் மகிழடிக்குப் போய்விடும்’ என்று சுவாமியிடம் ரகசியமாகச் சொல்லிவைத்தார். சுவாமியும் சம்மதித்தார். அப்புறம் நேராகச் சங்கிலியார் கனவில் போய், ‘சன்னதியில் வேண்டாம், மகிழடியில் சத்தியம் கேள்’ என்று சொல்லிவிட்டார்! தோழனுக்காகத் தூது போனவர், அந்தப் பெண் ஏமாந்துவிடக் கூடாது என்றும் பார்த்துக்கொண்டார். மாசித் திருவிழாவில் இன்றைக்கும் இந்தக் கல்யாணமும் மகிழடி சேவையும் நடக்கின்றன.

மரத்தடியில் பூ உதிர்ந்து கிடந்தது. மகிழம்பூ சின்னது, சந்தன நிறம், நடுவில் தானாகவே ஒரு துளை இருக்கும், கோர்க்க ஊசி வேண்டாம். காய்ந்தாலும் வாசம் போகாது. அவர் கைக்குட்டையை விரித்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிரசாத மாலையிலிருந்து வாழைநாரைக் கிழித்து, அலுவலகத்தில் ஃபைலுக்கு டேக் கோர்க்கிற அதே கவனத்தோடு கோர்த்து, “மேடம், இந்தாங்க” என்று நீட்டினார். “இன்னுமா மேடம்?” என்று என் மகள் கேட்க, பக்கத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதுமே சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போனது. காஞ்சியில் இடக்கண் வந்தது, திருவாரூரில் வலக்கண் வந்தது. கண் வந்தாலும் வீட்டுக் கதவு திறக்கவில்லை. சங்கிலியார் விஷயம் தெரிந்துகொண்ட பரவையார், வந்த ஆட்களை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்.

திருவாரூரில் நாங்கள் இறங்கியபோது நடை சாத்தியிருந்தது. சாயங்காலப் பூஜையான சாயரட்சை பார்க்காமல் திரும்புவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்ததால் கமலாலயக் குளக்கரையில் உட்கார்ந்தோம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று கணக்குச் சொல்லும் ஊர். நடுவில் நாகநாதர் கோயில் தீவு மாதிரி தெரிந்தது. முதுகுன்றம் என்ற விருத்தாசலத்தில் இறைவன் கொடுத்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, சுந்தரர் இங்கே வந்து தேடிய குளம் இதுதான். பரவையாரையும் அழைத்து வந்து கரையில் நிறுத்தியிருக்கிறார். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிறாரே என்று அந்த அம்மாள் சிரித்தாராம். பொன் கிடைத்தது. அதை மாற்று உரைத்துப் பார்த்த பிள்ளையாரும் கரையிலேயே இருக்கிறார். பொன்னும் நெல்லும் சுந்தரர் கேட்டதெல்லாம் பரவையாருக்காகத்தான். குண்டையூரில் மலையாகக் குவிந்த நெல்லைத் திருவாரூர் கொண்டுவர ஆள் கேட்டுப் பாடிய பதிகத்தில்கூட, ‘அவள் வாடி வருந்தாமே’ என்று மனைவியின் முகவாட்டத்தைத்தான் முதலில் சொல்கிறார்.

கீழவீதியில் நடந்தபோது பரவையார் வீடு எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று ஆளுக்கு ஒரு இடம் காட்டிக்கொண்டே போனோம். பெரியபுராணத்தில் சேக்கிழார் இந்தத் தூதைச் சொல்லியிருக்கும் அழகை நான் பெரிதும் மதிக்கிறேன். பெருமான் முதலில் அர்ச்சகர் வேடத்தில் போய்க் கதவைத் தட்டுகிறார். பரவையார் கதவைத் திறக்கிறார், மரியாதையாக விசாரிக்கிறார், விஷயம் தெரிந்ததும் முடியாது என்கிறார். அந்த மறுப்பை ஒரு வார்த்தைகூடக் குறைத்துச் சொல்லவில்லை சேக்கிழார். வந்தவரும் கோபிக்கவில்லை, சிரித்துக்கொண்டே திரும்புகிறார். சுந்தரர் கெஞ்சியதும் இரண்டாம் தடவை கிளம்புகிறார், இந்தத் தடவை தன் சொந்த உருவத்தில், பூதகணங்களும் தேவர்களும் சூழ. ஒரே இரவில் அடியாருக்காக அங்கும் இங்கும் அலைந்து இவ்வளவு எளியவராக வந்தால், இசையாமல் நான் என்ன செய்வேன் என்கிறார் பரவையார்.

முடியாது என்று முதலில் சொல்ல உரிமை இருந்ததால்தான் அந்தச் சம்மதத்துக்கு இத்தனை மதிப்பு. இதை அவரிடம் சொன்னேன். “முதல் தடவை நீங்க முடியாதுன்னப்ப எனக்கு வருத்தம்தான். ஆனா மரியாதை கூடுச்சு” என்றார்.

இந்தக் கதையில் பேர் இல்லாத ஒரு பெண்ணும் உண்டு. புத்தூரில் சடங்கவி சிவாச்சாரியார் மகள். சுந்தரர் முதலில் தாலி கட்டவிருந்தது அவருக்கு. கிழவேதியராக ஓலையோடு வந்து பெருமான் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஊருக்கே மணம்தவிர்ந்தபுத்தூர் என்று பேராகிவிட்டது. அந்தப் பெண் சுந்தரரையே நினைத்திருந்து சிவலோகம் அடைந்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். எனக்கு அது போதவில்லை. தியாகேசர் முன்னால் நின்று, இன்னொரு கதவு திறக்காத எல்லாப் பெண்களுக்கும் திறந்துவிடப்பா என்று அவருக்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

சாயரட்சை நேரத்தில் கூட்டம் சேர்ந்தது. திரை விலகியதும் ‘ஆரூரா, தியாகேசா’ என்று எழுந்த குரலில் என் குரலும் இருந்தது. பூவுக்கும் பட்டுக்கும் நடுவில் தெரிந்தது முகம் மட்டும். பாத தரிசனம் பங்குனி உத்திரத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும்தான். தேவர்கள் எல்லாரும் இந்தப் பூஜைக்கு வருகிறார்கள் என்பதை அங்கே நிற்கும்போது நம்பாமல் இருக்க முடியாது.

கால் மேல் கால் போட்டு யோகத்தில் அமர்ந்திருக்கும் கமலாம்பாளிடம் அர்ச்சனைக்குக் கொடுத்தோம். “தம்பதி நட்சத்திரம் சொல்லுங்கோ” என்றார் குருக்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு பேர் நட்சத்திரத்தையும் சொன்னேன். குங்குமத்தை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, “இட்டுக்கோங்கோம்மா” என்று குருக்கள் அடுத்தவரிடம் போய்விட்டார். கணவர் போன பிறகு கோயிலில் குங்குமம் தந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு தூணில் வைத்துவிடுவேன். அன்றைக்கு நெற்றியில் இட்டுக்கொண்டேன். கை நடுங்கியது. அவர் முகத்தைத் திருப்பி, அம்பாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெருமானை ஒரு பெண்ணிடம் தூது அனுப்புவதா என்று சுந்தரர் மேல் கடுங்கோபம் கொண்டவர் ஏயர்கோன் கலிக்காமர். தூதுக் கதையே அவர் புராணத்துக்குள்தான் வருகிறது. எங்கள் வீட்டுக் கலிக்காமர் என் அண்ணன். மன்னார்குடியில் இருக்கிறார். சம்மதம் சொன்ன நாளிலிருந்து என்னோடு பேச்சில்லை. சுந்தரர் கலிக்காமரைத் தேடி அவர் வீட்டுக்கே போனார், கடைசியில் இருவரும் நண்பர்கள் ஆனார்கள். ஆகவே நாங்களும் மறுநாள் காலை பஸ் ஏறி மன்னார்குடி போனோம்.

அண்ணிதான் கதவைத் திறந்தார். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. விபூதிப் பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பிரித்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, “சாயரட்சை கிடைச்சுதா?” என்றார்.

“நல்லா கிடைச்சுதுண்ணே.”

“ஏன் அவரை நிக்க வச்சிருக்க?” என்று அண்ணியிடம் கேட்டுவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். “உட்காருங்க மாப்ள. காபியா, டீயா?”