கிளி வரையும்போது கால்விரலை எண்ணச் சொல்லுங்கள்

குழந்தைகளுக்குப் பறவை வரையக் கற்றுக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அச்சடித்த படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்லாதீர்கள். ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பறவையைப் பார்த்து வரையட்டும். கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை.

வரைய ஆரம்பித்தால்தான் கேள்விகள் வரும். காலையே எடுத்துக்கொள்ளுங்கள். "முட்டி ஏன் பின்பக்கமா மடங்குது?" என்று கேட்பார்கள். அது முட்டியே இல்லை, கணுக்கால்! நிஜமான முட்டி மேலே, இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு அவர்கள் வரையும் கொக்கு தள்ளாடாமல் நிற்கும். விரல்களையும் எண்ணச் சொல்லுங்கள். காக்கைக்கு முன்னால் 3, பின்னால் 1. கிளிக்கு முன்னால் 2, பின்னால் 2.

எனக்கு ரொம்பப் பிடித்தது கிளியின் பச்சை. குழந்தைகள் மஞ்சளையும் நீலத்தையும் கலந்து பச்சை உண்டாக்குகிறார்கள் அல்லவா? கிளியின் இறகிலும் கிட்டத்தட்ட அதேதான் நடக்கிறது. ஆனால் அங்கே மஞ்சளுக்குத்தான் நிறமி உண்டு, நீலத்துக்குக் கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பில் பட்டுச் சிதறும் ஒளிதான் நீலமாகிறது. இரண்டும் சேர்ந்து பச்சை. இதை ஓவிய வகுப்பு என்பதா, அறிவியல் வகுப்பு என்பதா?

அப்புறம், அழி ரப்பரை எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள். பறவை அசைந்துவிட்டால் பக்கத்திலேயே இன்னொரு படம் போடட்டும். தேதி, நேரம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.