சேலத்திலிருந்து டெக்சாஸுக்கு: அத்லெட்டிக் ட்ரெய்னர் படிப்பும் மைதான வேலையும்

மே மாத விடுமுறைக்கு அம்மாபேட்டை வீட்டுக்கு வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இங்கேயே பிசியோதெரபி முடித்துவிட்டு அமெரிக்காவில் மறுபடியும் என்ன படிக்கிறாய் என்று. சித்தப்பா, ஜிம்மில் எடை தூக்கச் சொல்லிக்கொடுக்கிற வேலை என்றே நினைத்திருந்தார். விளையாடுகிறவர்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வது, அடிபட்டால் மைதானத்திலேயே என்ன ஆயிற்று என்று கண்டுபிடித்து உடனே செய்யவேண்டியதைச் செய்வது, அப்புறம் அந்த ஆள் திரும்ப ஆட இறங்கும்வரை கூடவே இருந்து தேற்றுவது, இதெல்லாம் சேர்ந்ததுதான் அத்லெட்டிக் ட்ரெய்னர் வேலை. அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை மருத்துவத் துறை சார்ந்த தொழிலாக ஏற்றுக்கொண்டது 1990-ல். நான் படிக்கிற டெக்சாஸ் அதற்கு வெகு முன்பே, 1971-லேயே, இதற்கு உரிமம் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்த மாநிலமும் அதுதான்.

நம் ஊரில் பி.பி.டி. என்கிற பிசியோதெரபி இளநிலைப் பட்டம் முடித்த தம்பி தங்கைகள் கேட்பதால் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு இளநிலைப் பட்டம் போதும், இப்போது முதுநிலைதான். 2022-க்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற இளநிலைப் படிப்புகளில் புது மாணவர்களைச் சேர்ப்பதில்லை. சேருவதற்கு உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் எல்லாம் கல்லூரி அளவில் படித்திருக்க வேண்டும். உங்கள் மார்க் ஷீட்டில் வேதியியலோ இயற்பியலோ தனிப் பாடமாக இல்லையென்றால் விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரிக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். சி.ஏ.ஏ.டி.இ. என்கிற அமைப்புதான் இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது, அது உள்ள படிப்பா என்று கட்டாயம் பாருங்கள், அது இல்லாவிட்டால் கடைசியில் பி.ஓ.சி. என்கிற சான்றிதழ்த் தேர்வு எழுதவே முடியாது. 4 மணி நேரம், 175 கேள்விகள். அதில் தேறிய பிறகுதான் மாநில உரிமம்.

போன புதிதில் என்னை அலைக்கழித்தது பாடம் இல்லை, காகிதங்கள். கிளினிக்கல் பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன் தடுப்பூசிச் சான்று, காவல்துறைப் பின்னணிச் சோதனை, சி.பி.ஆர். சான்றிதழ் என்று வரிசையாகக் கேட்பார்கள். காசநோய்ச் சோதனைக்குக் கையில் ஊசி போட்டுப் பார்க்கிற முறை அங்கே வழக்கம். நமக்கெல்லாம் பிறந்ததும் பி.சி.ஜி. போட்டிருக்கிறார்கள், அதனால் நோயே இல்லாமல் அந்த இடம் தடித்துப்போய் பாசிட்டிவ் என்று வரலாம். இரத்தத்தில் பார்க்கிற சோதனை தனியாக இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்கு எக்ஸ்ரே செலவு மிச்சமாகியிருக்கும்.

வகுப்பில் முதல் பருவம் முழுக்க கணுக்கால், முழங்கால், தோள். பாதிக்கு மேல் பி.பி.டி.யிலேயே கை பழகியவை. டேப் ஒட்டுவது மட்டும் புதுசு. ஒன்றரை அங்குல டேப்பைக் கையாலேயே கிழித்து, சுருக்கம் விழாமல் கணுக்காலைச் சுற்றிக் குதிகாலைப் பூட்டிக் கட்ட வேண்டும். சுருக்கம் விழுந்தால் அந்த இடத்தில் கொப்புளம் வரும். ஆட்டத்துக்கு முன் பையன்கள் வரிசையில் நிற்பார்கள், நின்று நிதானமாக ஒட்ட நேரம் இருக்காது.

ஆனால் படிப்பின் உயிர் கிளினிக்கல்தான். முதலில் என்னைப் போட்டது ஒரு உயர்நிலைப் பள்ளியில். அங்கே உரிமம் பெற்ற ஒரு ட்ரெய்னர் அம்மா, அவர்தான் என் பிரிசெப்டர், அதாவது களத்தில் என்னை மேற்பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறவர். என்னைப் போல் பயிற்சியில் இருக்கிறவர் யாரையாவது தொட்டுப் பார்க்கும்போது பிரிசெப்டர் அங்கேயே, உடனே குறுக்கிடக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. இதைத் தவிர, குறைந்தது 4 வாரமாவது வகுப்பே இல்லாமல் முழுநேரமும் களத்தில் இருக்கிற பயிற்சி ஒன்றும் கட்டாயம். எனக்கு அது அடுத்த ஆண்டு. அந்தப் பள்ளிக்குப் போக பஸ் கிடையாது, கார் இல்லாமல் நடக்காது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அப்பா வண்டியின் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து போன எனக்கு, வளைவே இல்லாத அந்தச் சாலைகளில் விடியும் முன் தனியாகக் கார் ஓட்டிப் போவதுதான் முதல் சில மாதங்களின் பெரிய பயமாக இருந்தது.

தொடுவதற்கு முன் கேட்க வேண்டும், இது மனதில் பதிந்துவிட்டது. "முழங்காலைப் பிடித்துப் பார்க்கட்டுமா" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள், அந்தப் பிள்ளை சரி என்ற பிறகுதான் கை வைப்பார்கள். நம் பக்கம் சுளுக்கு வழிக்கிறவர் காலைப் பிடித்து இழுத்த பிறகுதான் எங்கே வலிக்கிறது என்றே கேட்பார். மேலே கை வைப்பது ஒரு பக்கம், வலிக்கிற இடத்தை அழுத்தி எலும்பு உடைந்திருக்குமா என்று தீர்மானிக்கிற முறையும் அங்கே கறாரானது. 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் உருவாக்கிய விதிகள் இருக்கின்றன. கணுக்காலின் எந்த எலும்பு விளிம்பை அழுத்தினால் வலிக்கிறது, அடிபட்ட ஆள் 4 அடி எடுத்து வைக்க முடிகிறதா என்று பார்த்தே எக்ஸ்ரே வேண்டுமா வேண்டாமா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சும்மா எல்லாருக்கும் எக்ஸ்ரே எழுதுவதில்லை, சும்மா எல்லாரையும் கட்டுப் போட அனுப்புவதும் இல்லை.

என்னால் சீக்கிரம் பழக முடியாத விஷயம் கோச்சிடம் பேசுவது. வயதில் மூத்தவர், ஊரே மரியாதை கொடுக்கிற மனிதர், வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்தின் நடுவில் போய் இந்தப் பையன் இன்று ஆடமாட்டான் என்று சொல்ல வேண்டும். என் பிரிசெப்டர் அதைக் குரல் உயர்த்தாமல் சொன்னார், அவரும் சரி மேடம் என்று அடுத்தவனை இறக்கினார். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. இதற்கான முதல் சட்டம் 2009-ல் வாஷிங்டன் மாநிலத்தில் வந்தது, 2014-க்குள் 50 மாநிலங்களிலும் வந்துவிட்டது. திரும்ப ஆட வருவதற்கும் படிப்படியான முறை இருக்கிறது, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். மறுபடி தலை வலித்தால் ஒரு படி பின்னால். நம் ஊர்க் கபடி ஆட்டத்தில் தலை மோதி விழுந்தவனுக்கு முகத்தில் சோடா அடித்து எழுப்பி அடுத்த ரெய்டுக்கு அனுப்புவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இப்போது அதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

எல்லாவற்றையும்விட சேலத்துக்கு உடனே வேண்டியது வெயில் பாடம். 2001-ல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணியின் கோரி ஸ்ட்ரிங்கர் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலால் இறந்தார். அவர் பெயரிலேயே கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான்: ஓடி ஆடிக்கொண்டிருந்தவன் திடீரென்று உளறினால், தள்ளாடினால், உடம்பு 105 டிகிரியைத் தொட்டிருக்கலாம். முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் ஆம்புலன்சில் ஏற்றுவது. அரை மணி நேரத்துக்குள் 102-க்கு இறக்கிவிட வேண்டும். நெற்றியில் ஈரத்துணி போட்டால் போதாது, கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டும். தொட்டி இல்லையென்றால் தார்ப்பாயின் ஓரங்களைச் சுற்றி நின்று தூக்கிப் பிடித்து, நடுவில் ஆளைப் படுக்கவைத்து, ஐஸும் தண்ணீரும் கொட்டி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே இதற்கென்று தார்ப்பாய் வாங்கி வைக்கிறார்கள். நம் ஊரில் நெல் காயப்போடுகிற வீட்டில் எல்லாம் இருக்கிறது, ஐஸ் பாருக்கும் பஞ்சம் இல்லை.

இன்னொன்று. வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதனால்தான் அங்கே ஆகஸ்டில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சி தொடங்கும்போது முதல் ஓரிரு நாள் ஹெல்மெட் மட்டும், பிறகு தோள்கவசம், அதன்பிறகுதான் முழு உடை. இங்கே கோடையில் பிள்ளைகளை ஏற்காட்டில் குளிராக இருக்கிறது என்று கேம்ப் கூட்டிப்போய், இறங்கிய மறுநாளே அக்னி நட்சத்திர வெயிலில் போட்டிக்கு விடுகிற யோசனை நல்ல மனதோடு செய்வதுதான், ஆனால் குளிரில் எடுத்த பயிற்சி வெயிலுக்கு உடம்பைத் தயார் செய்யாது.

முழங்கால் பாடம் நடந்தபோது சின்னப்பம்பட்டி நடராஜனைத்தான் நினைத்தேன். 2021-ல் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது அவர் இந்தியாவுக்குக் கிரிக்கெட் ஆடிய வீரர், பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். அதே ஊர்ப் பக்கம் அதே முழங்காலோடு நிற்கிற பதினாறு வயதுப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை. படிப்பு முடிந்து அங்கே சில வருடம் வேலை பார்த்தாலும் என் மனது இந்தப் பக்க மைதானங்களில்தான் இருக்கிறது.

போன வாரம் தாரமங்கலம் பக்கம் ஒரு கபடிப் போட்டி ஏற்பாட்டில் இருக்கிற பி.டி. மாஸ்டரைப் பார்த்தேன். பள்ளியில் எனக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர். "ஏங்கண்ணு, ஐஸ் தண்ணியில போட்டா ஜன்னி வந்துராதா" என்றுதான் முதலில் கேட்டார். உட்கார்ந்து விளக்கியதும் நோட்டை எடுத்துக்கொண்டார். ஒரே பக்கத்தில் எழுதினோம்: 108-க்கு யார் போன் செய்வது, மைதானத்தின் எந்த கேட் வழியாக வண்டி வரும், அந்த கேட் சாவி யாரிடம், தார்ப்பாயும் ஐஸும் எங்கே. ஆட்டங்களைக் காலை 9 மணிக்குள் ஒரு பகுதி, மாலை 5-க்கு மேல் மிச்சம் என்று பிரிக்கவும் ஒத்துக்கொண்டார். மாத இறுதிவரை ஊரில்தான் இருக்கிறேன். ஆத்தூர், ஓமலூர், மேட்டூர், எந்தப் பக்கம் அணி நடத்துகிறவர்களாக இருந்தாலும் கூப்பிடுங்கள், வந்து உங்கள் மைதானத்தைப் பார்த்து அந்த ஒரு பக்கத்தை உங்களோடு உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.