வென்சாங்கில் ராக்கெட் பார்க்கப் போகிறீர்களா?

சீனாவின் ஹைனான் தீவில் இருக்கும் வென்சாங் ஏவுதளத்தில், லாங் மார்ச் 7 ராக்கெட் கிளம்புவதை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். 2021 மே 29, இரவு 8.55, சீன விண்வெளி நிலையத்துக்கான தியான்ஜோ-2 சரக்குக் கலத்தைச் சுமந்து போனது. மனசு நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் பட்ட அலைச்சல் இன்னும் ஆறவில்லை.

தீவின் தலைநகரான ஹைக்கோவிலிருந்து வென்சாங்குக்கு ரயில், அங்கிருந்து ஏவுதளத்துக்குப் பக்கத்து ஊரான லோங்லோவுக்கு டாக்சி. இதுவரை ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை விடுதியில். பணம் முழுவதையும் முன்பே கட்டியிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினார், கணினியில் எதையோ தட்டினார், அப்புறம் என் பக்கமே தள்ளிவிட்டார். வெளிநாட்டவரைப் போலீஸில் பதிவு செய்யும் வசதி அவர்களிடம் இல்லையாம். கட்டிய பணமும் திரும்பி வரவில்லை. ஏவுதல் சமயத்தில் அந்தச் சின்ன ஊரில் வாடகை எகிறிக் கிடக்கும். நல்லவேளை, சாப்பாட்டுக் கடை நடத்தும் ஓர் அம்மா மாடியறையைக் கொடுத்து, காவல் நிலையத்துக்கும் கூடவே வந்து பதிவு செய்துகொடுத்தார். பணம் கட்டும் முன்பே போன் போட்டு, வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு அறை தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்த அடி, தேதி. முதலில் சொன்னது 20ஆம் தேதி அதிகாலை. மணலில் பாய் விரித்துக் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த கூட்டம் ஒவ்வொருவராகப் போனைப் பார்த்து எழுந்தது: தொழில்நுட்பக் காரணத்தால் தள்ளிவைப்பு. வந்த வழியே திரும்பினேன். பூமி சுழன்று ஏவுதளம், விண்வெளி நிலையத்தின் மையப் பகுதியான தியான்ஹேயின் சுற்றுப்பாதைக்கு நேராக வரும்போதுதான் கிளப்ப முடியும். அந்த நேரம் தினமும் கொஞ்சம் முன்னே நகரும். அதனால்தான் அதிகாலை ஏவுதல் கடைசியில் முன்னிரவுக்கு வந்தது. திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்யக்கூடியதாகவே எடுங்கள்.

ஆறு எஞ்சின்களும் பற்றியதும் தென்னந்தோப்பு பகல்போல ஆனது. சத்தம் பிறகுதான் வந்து நெஞ்சில் இடித்தது. எரிவது மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும். பழைய லாங் மார்ச்களில் இருந்தது நச்சு எரிபொருள்; கடலோரம் இல்லாத, நாட்டின் உட்பகுதித் தளங்களிலிருந்து கிளம்பி, கழன்ற பாகங்கள் கிராமங்களுக்குப் பக்கத்திலேயே விழுந்திருக்கின்றன. இங்கே விழுவது கடலில். இந்தப் புதிய வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அடுத்து லாங் மார்ச் 5 பார்க்க ஆசை. 5 மீட்டர் அகலம் என்பதால் ரயில் சுரங்கங்களில் நுழையாது. தியான்ஜினிலிருந்து கப்பலில்தான் வரும். கப்பல் வந்த செய்தியை நம்பி அறை போடாதீர்கள், அதற்குப் பிறகும் சுமார் 2 மாத வேலை இருக்கும். ராக்கெட்டை ஏவுமேடைக்கு நகர்த்திவிட்டார்கள் என்றால் ஏறக்குறைய ஒரு வாரம்தான். அப்போது கிளம்புங்கள்.